குருட்டு ஜன்னலில் ஒரு திரை

"பேய்க்கு நாலு மணிக்கு டீ வேணுமாம் சார்" என்றேன்.

குவேல் பதிலுக்குத் தும்மினார். பேச விருப்பமில்லாதபோதெல்லாம் தும்முவது அவர் வழக்கம். இந்த முறை நிஜமாகவே ஜலதோஷம்.

ஆல்டர்காட் மாளிகையின் வேலைக்காரர் நடையில் நின்றுகொண்டிருந்தோம். சனிக்கிழமை, மணி மூன்று. ஜனவரி மாசத்து இங்கிலாந்தில், அதுவும் எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், மூன்று மணி என்றால் பாதி இருட்டிவிடும். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே அதைவிடக் குளிர். பார்ட்ரம் குவேல் கட்டட மேற்பார்வையாளராக இருபது வருஷம் இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவர். நான் பெக்கி ட்ரப்ஷா. அவருடைய கடிதங்களை டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். இப்போது பேய் பிடிக்க வந்திருக்கிறேன். சம்பளம் மட்டும் டைப் அடிக்கிற சம்பளம்தான்.

தலைக்கு மேலே சுவரில் வரிசையாக இருபத்திரண்டு பித்தளை மணிகள், சுருள்வில்லில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த அறையிலிருந்து அடிக்கிறது என்று எழுதியிருந்தது. கடைசி மணிக்குக் கீழே மட்டும் எழுத்து இல்லை. அந்த இடத்தில் பழுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள்.

"அதான், அந்தக் கடேசி மணிதான்." சமையற்காரி மிஸஸ் கிம்பர் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கை காட்டினாள். "அந்த ரூமே இப்ப இல்ல சார். பெரிய துரையோட தாத்தா காலத்துலயே அடைச்சிட்டாங்களாம். இல்லாத ரூம்லேருந்து மணி அடிச்சா என்ன அர்த்தம்? எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

"எப்பலேருந்து?" என்றார் குவேல்.

"செவ்வாக்கிழமை பெரிய துரையை அடக்கம் பண்ணினோம். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி எங்க ஹவுஸ்கீப்பர் டக்கெட் பின்வாசப் படியில பனியில வழுக்கி விழுந்தா. மண்டையில அடி. ஆஸ்பத்திரியில நெனவே இல்லாம கெடக்கா. மறுநாள் ஆரம்பிச்சுது. புதன்கிழமை நாலு மணிக்கு மூணு தடவ. வியாழக்கிழமை ரெண்டு. நேத்து ஒண்ணு."

"நம்ம ஆளுக்கு உற்சாகம் குறையுது. இன்னிக்கு லீவா இருக்கும்" என்றேன் நான்.

குவேல் சிரிக்கவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, கடைசி மணியின் கம்பியை விரலால் தடவி என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"என்ன வாசனை?"

"வாத்துக் கொழுப்பு."

"மத்த மணிக்கெல்லாம் கம்பியை வெட்டியாச்சு, மின்சார மணி போட்டப்பவே. இது ஒண்ணுக்குத்தான் கம்பி இருக்கு. துரு ஏறாம யாரோ கொழுப்புத் தடவிட்டு வராங்க."

"பேயும் வீட்டு வேலை பார்க்க ஆரம்பிச்சிடுச்சா?"

"பெக்கி, கொஞ்சம் வாயை மூடு."

எங்களை வரவழைத்தவர் அப்போது படியிறங்கி வந்தார். மிஸ் லெட்டிஸ் பெல்லிஸ்டர், செத்துப்போன சர் காட்ஃப்ரியின் ஒரே மகள். முப்பத்தாறு வயது, கழுத்து வரை கறுப்பு உடை. மனசில் நினைப்பதை மறைக்கத் தெரியாத முகம். எரிச்சல், களைப்பு, பயம் மூன்றும் ஒரே நேரத்தில் அதில் தெரிந்தன.

"திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு இடிக்க ஆள் வராங்க, மிஸ்டர் குவேல். வடக்குப் பக்கம் மொத்தமும் போகுது. அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்."

"மணிக்கா?"

"அப்பாவுக்கு." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். "எங்க அண்ணன் கிறிஸ்பின் போர்ல போயிட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழுல, பெல்ஜியத்துல, ஃப்ளாண்டர்ஸ்ல. உடம்புகூடக் கிடைக்கல. அந்த வருஷ டிசம்பர்ல அப்பா என்னைப் பெட்டி கட்டி அத்தை வீட்டுக்கு அனுப்பினார். ஏன்னு சொல்லல. பதினாறு வருஷம். ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட வான்னு கூப்பிடல. அவர் மட்டும் அந்த வடக்குப் பக்கத்துலயே அடைஞ்சு கெடந்தாராம். என்னைவிட அவருக்கு அப்படி என்ன பெருசா அங்க இருந்துச்சு? அது தெரியணும். தெரிஞ்சிட்டு இடிச்சிடறேன்."

சொல்ல வந்த கிண்டலை விட்டுவிட்டேன்.

"மணிக்குப் பயப்படறீங்களா, மிஸ்?" என்று கேட்டேன்.

"பயம் இல்ல. ஆனா அது அதட்டற மணி மாதிரி இல்ல. கெஞ்சற மாதிரி இருக்கு. கேட்கவே முடியல."

மாடிக்குப் போனோம். குவேலுக்குப் பழைய வீட்டைக் கண்டால் ஜலதோஷம்கூடப் பறந்துவிடும். சுவரைத் தட்டுவார், தரையில் குதிப்பார், கதவுக் கீலை முகர்ந்து பார்ப்பார். வடக்கு நடையில் ஆறு படிகள் மேலே போய் நேராகச் சுவரில் முட்டி நின்றன.

"சாமி கும்பிட வெச்ச படியா சார் இது?"

"ஒட்டுப் போட்ட வீடு இது பெக்கி. உள்ள இருக்கறது பழைய மரச்சட்ட வீடு. இவங்க முன்னோர் ஒருத்தருக்கு, பக்கத்து ஊர்க்காரன் புதுசா செங்கல் முகப்பு கட்டினதைப் பார்த்து வயித்தெரிச்சல். வீட்டை இடிக்கவும் மனசில்ல. பழசுக்கு முன்னாடி புது முகத்தை ஒட்டிட்டார். அதான் உள்தரை ஒரு உயரம், வெளி ஜன்னல் ஒரு உயரம். அப்பப்ப வந்தவங்க ஒரு படியை அடைச்சு, ஒரு ரூமை மறிச்சு, ஒரு கதவைத் தொலைச்சு..."

"ஒரு பேயைச் சேர்த்து" என்று முடித்தேன்.

நடையின் கடைசியில் பெரிய துரையின் உடை மாற்றும் அறை. மிஸ் லெட்டிஸ் பூட்டைத் திறந்தார். உள்ளே கால் வைக்க இடமில்லை. வடக்குப் பக்கத்து அறைகளில் இருந்த பீரோக்கள், கட்டில் சட்டங்கள், பெட்டிகள் எல்லாம் கோடிச் சுவரை ஒட்டிக் கூரை வரை அடுக்கியிருந்தன.

"இடிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே ரூம்ல போடச் சொன்னேன். அடக்கம் முடிஞ்ச மறுநாள் காலைல" என்றார்.

நான் அந்தக் குவியலின் அருகில் போனேன். அங்கே மட்டும் குளிர் வேறு மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பேயை நம்புகிறவள் இல்லை. ஐந்து அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவளுக்குப் பேய் எம்மாத்திரம்! ஆனால் அந்தக் குவியலுக்குப் பின்னால், எங்கோ தள்ளி, எதையோ இழுத்து வைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை. என் பின்கழுத்து மயிர் எழுந்து நின்றது.

"எலி" என்றார் மிஸ் லெட்டிஸ்.

"ஆமா, எலிதான்" என்றேன். இரண்டு பேருமே நம்பவில்லை. வேகமாகக் கீழே வந்தோம்.

சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, புண்ணியம். மிஸஸ் கிம்பர் டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் வைத்தாள். நாலு அடிக்க இன்னும் பத்து நிமிஷம். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"அந்த டக்கெட் அம்மா எப்படிப்பட்டவங்க?"

"தங்கமானவ. ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பா, ஆனா சாப்பாடு மட்டும் ரெண்டாள் சாப்பாடு. தினமும் தட்டை ரொப்பிக்கிட்டு மாடிக்குப் போயிடுவா, தனியாச் சாப்பிட்டாத்தான் இறங்கும்னு. எங்கதான் போகுமோ அவ்வளவும்!" மிஸஸ் கிம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க, பேப்பர்ல எங்க போட்டோ வந்திருக்கு, பாருங்க. நேத்து வந்தது."

அலமாரியிலிருந்து எங்கள் வட்டாரப் பத்திரிகையை எடுத்து மேஜையில் விரித்தாள். பெரிய துரையின் இறுதி ஊர்வலம். வாசலில் சவவண்டி, கறுப்புக் குதிரைகள், பின்னால் முழு மாளிகை. சாவு விழுந்த வீட்டில் வழக்கம்போல எல்லா ஜன்னலிலும் வெள்ளைத் திரையை இறக்கியிருந்தார்கள். அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பும் வரை அதை ஏற்றமாட்டோம். குடிசையானாலும் மாளிகையானாலும் எங்கள் ஊரில் இது ஒன்றுதான்.

"இதோ, கறுப்புத் தொப்பி. இது நான்."

"தொப்பி அழகா இருக்கு" என்றேன். குவேல் தொப்பியைப் பார்க்கவில்லை. அவர் விரல் மாடி வரிசையில் ஒவ்வொரு ஜன்னலாக நகர்ந்தது.

"ஒம்போது" என்றார்.

"என்ன ஒம்போது?"

"மாடியில ஒம்போது திரை."

"எட்டு சார்" என்றாள் மிஸஸ் கிம்பர். "நானும் டக்கெட்டும்தானே கையால இறக்கினோம். மாடியில எட்டு. வடகோடியில இருக்கறது குருட்டு ஜன்னல். அது ஜன்னலே இல்ல, சுவத்துல வரைஞ்சது. அதுக்குப் பின்னாடி பழைய புகைபோக்கி போகுதாம். இந்தக் கோடியில ஒண்ணு இருக்கே, அந்தக் கோடியில இல்லாட்டி முகப்பு கோணலாத் தெரியும்னு கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டமும் பெயின்ட்ல வரைஞ்சு விட்டாங்க. பொறந்ததுலேருந்து பார்க்கறேன்."

"ஹால்ல மாட்டியிருக்கற இந்த வீட்டுப் படம் எல்லாத்துலயும் அது கறுப்புதான்" என்றார் மிஸ் லெட்டிஸ் மெதுவாக. பத்திரிகையை இழுத்துப் பார்த்தார்.

வடகோடி ஜன்னல் வெள்ளையாக இருந்தது. மற்ற எட்டைப் போலவே, அடிக்கட்டை வரை ஒழுங்காக இறக்கிய திரை.

கேட்கக் கூடாத கேள்வியை எப்போதும் நான்தான் கேட்பேன்.

"வரைஞ்ச ஜன்னலுக்கு எவன் சார் திரை இறக்கினான்?"

கடிகாரம் நாலு அடித்தது.

நடைக் கதவு திறந்தே இருந்தது. எல்லோரும் கடைசி மணியைப் பார்த்தோம். அடிக்கவில்லை. நான் மூச்சை விடப்போன நேரத்தில் சுருள்வில் மட்டும் லேசாக நடுங்கியது. மணியின் நாக்கு ஆடியது, ஆனால் பித்தளையைத் தொடவில்லை. மறுபடி ஒரு நடுக்கம். பிறகு அதுவும் நின்றது.

குவேல் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"புதன் மூணு. வியாழன் ரெண்டு. வெள்ளி ஒண்ணு. இன்னிக்கு இழுக்கக்கூடப் பலமில்ல. பேய்க்குச் சோர்வு வராது பெக்கி! ரெண்டாள் சாப்பாட்டைச் சுமந்துட்டுப் போனவ செவ்வாக்கிழமை விழுந்துட்டா. நாலு நாளா அங்க யாரோ பட்டினி கெடக்கறாங்க!"

பனியில் ஓடினோம். முகப்பு முழுக்க இருள் கவிய ஆரம்பித்திருந்தது. வடகோடியில் குருட்டு ஜன்னல் மற்ற எட்டோடு சேர்ந்து கறுப்பாக நின்றது. ஒரு வித்தியாசமும் இல்லை. உள்ளே விளக்கு இல்லாத ஜன்னல் எல்லாமே வெளியிலிருந்து கறுப்பாகத்தானே தெரியும்.

"அது பெயின்ட்தான்" என்றார் மிஸ் லெட்டிஸ். "எங்களுக்கெல்லாம் தெரியுமே."

"தெரியும்னு நெனச்சதாலதான் ஒருத்தரும் பார்க்கல" என்றார் குவேல். "ஏணி இருக்கா?"

"ஏணி எதுக்கு சார்?" நான் குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளி உருட்டினேன். முதல் உருண்டை வாசலில் இருந்த கல் சிங்கத்தின் மூக்கில் பட்டது. சிங்கம் மன்னிக்கட்டும். இரண்டாவதை எங்கள் பெரியண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரி தோளிலிருந்து விட்டேன்.

சுவரில் பட்டிருந்தால் 'தொப்'பென்று விழுந்திருக்கும். 'கிளிங்' என்றது.

கண்ணாடி.

அந்தக் கறுப்புக்குள் ஏதோ வெளுப்பாக அசைந்தது. மெதுவாக மேலே வந்தது. விரித்த ஓர் உள்ளங்கை, கண்ணாடியில் பதிந்து, அப்படியே வழுக்கிக் கீழே போனது. மிஸஸ் கிம்பர் பனியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் கத்தினேன், மறைப்பானேன்.

"பேய் இல்ல, சொல்றேன்ல!" குவேல் வீட்டுக்குள் ஓடிக்கொண்டே கத்தினார். "திருடன் இழவுக்குத் திரை இறக்குவானா? ஒளிஞ்சிருக்கறவன் திரைப் பக்கமே போக மாட்டான். அப்பன் செத்தான்னு சர்ச் மணி அடிக்கக் கேட்டவன்தான் தன்னை மறந்து இறக்குவான்!"

எனக்குப் பக்கத்தில் ஓடிவந்த மிஸ் லெட்டிஸ் படியில் தடுமாறினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

உடை மாற்றும் அறை. அந்தக் குவியல்.

"நான்தான்" என்றார். "நான்தான் அடுக்கச் சொன்னேன். கதவு அங்கதானா? நான்தான் அடைச்சேனா?"

"அப்புறம் அழலாம் மிஸ், தள்ளுங்க!" என்று அதட்டினேன்.

பீரோ, கட்டில், பெட்டி, மறுபடி பீரோ. குவேல் தும்மிக்கொண்டே தள்ளினார். மிஸஸ் கிம்பர் பின்னாலேயே வந்து, என்னைவிட இரண்டு மடங்கு தள்ளினாள். சுவரின் மரப்பலகை தெரிந்தது. அதில் ஓரிடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மழமழவென்றிருந்தது. குவேல் அங்கே அழுத்தினார். பலகை உள்ளே திரும்பியது.

பழைய புகைபோக்கியைக் குடைந்து செய்த அறை. ஆறடி அகலம் இருக்கும். ஒரு கட்டில், சுவர் நிறையப் புத்தகம், ஒரு சின்ன மேஜை, மூன்று நாற்காலி. காலித் தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. ஜன்னலடியில், கையில் மணிக்கயிற்றோடு, தரையில் சாய்ந்து ஒரு மனிதன். தலை முழுக்க நரை. உடம்பில் பெரிய துரையின் கம்பளிக் கோட்டு.

"கிறிஸ்பின்" என்றார் மிஸ் லெட்டிஸ். அவ்வளவுதான் வந்தது. மண்டியிட்டு அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார்.

"லெட்டி" என்றான் அவன். குரல் காய்ந்து போயிருந்தது. "திரையை ஏத்தின நேரம் சரியா? நீங்க திரும்பி வந்தது எனக்குத் தெரியல. உத்தேசமா ஏத்தினேன்."

"அட கிறுக்கா! கத்தியிருக்கலாமே! ஜன்னலை ஒடைச்சிருக்கலாமே!"

"மணி அடிச்சேனே" என்றான்.

இந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் இப்படித்தான். உயிர் போனாலும் குரல் உயராது, மணியைத்தான் இழுப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மிஸஸ் கிம்பர் ஏற்கெனவே சூப்புக்கு ஓடிவிட்டாள்.

ஸ்பூன் ஸ்பூனாகச் சூப்பு இறங்க இறங்க, துண்டு துண்டாகக் கதை வந்தது. ஃப்ளாண்டர்ஸ் சேற்றில் குண்டு விழுந்து, கூட இருந்த பதினொரு பேரும் புதைந்து, அவன் மட்டும் எழுந்து எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறான். எதற்கு நடந்தான், எத்தனை நாள் நடந்தான் என்று அவனுக்கே தெரியாது. டிசம்பரில் ஓர் அதிகாலை இந்த வாசலில் வந்து நின்றபோது, ராணுவம் அவனைச் செத்தவனாக எழுதி முடித்திருந்தது. திரும்பிப் போனால் ஓடிப்போனவன் என்று சுட்டுவிடுவார்கள். அப்பாவும் டக்கெட்டும் பழைய புகைபோக்கிக்குள் கொத்தனார் வேலை பழகினார்கள். வெளிச்சத்துக்காக, வரைந்த ஜன்னலின் செங்கல்லை எடுத்துவிட்டு அதே அளவில் கண்ணாடி வைத்தார் அப்பா. அடைத்துப்போன பழைய அறையின் மணிக்கம்பியையும் அவசரத்துக்கு இங்கே இழுத்துவிட்டார். போரில் செத்தவர்களுக்காக ஊரில் வைத்த நினைவுக்கல்லில் முதல் பெயர் இவனுடையது. அதைத் திறந்து வைத்ததும் அப்பாதான்.

"திரையை இறக்கியிருக்கக் கூடாது. தெரியும். மாட்டிக்குவேன்னும் தெரியும். ஆனா அப்பா செத்துக் கெடக்காரு, வீட்டுல எல்லா ஜன்னலும் மூடியிருக்கு, என்னோடது மட்டும் தொறந்து கெடந்தா... மனசு வரல லெட்டி."

"என்னை ஏன் அனுப்பினார்?" மிஸ் லெட்டிஸ் கேட்டார். பதினாறு வருஷக் கேள்வி. "என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் தங்கையின் முகத்தைத் தொட்டான். "இதனாலதான். உனக்குப் பொய் வராது. நெனைக்கறதெல்லாம் இங்க எழுதி ஒட்டியிருக்கும். நீ இங்க இருந்தா ஒரே வாரத்துல நான் துப்பாக்கிக்கு முன்னாடி சுவத்தோரம் நிப்பேன்னு அப்பா பயந்தார். உன்னை அனுப்பிட்டு வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதார். நாற்காலி மூணு இருக்கு பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்கும் ஒரு தட்டு வெச்சுத்தான் நாங்க சாப்பிட்டோம்."

குவேல் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். நடையில் நின்று ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார்.

"ஜலதோஷமா சார்?"

"ஜலதோஷம்தான்."

"அறிக்கையில என்ன டைப் அடிக்க?"

"மணி அடிச்சது எலி. ராணுவம் நமக்குச் சம்பளம் தரலையே பெக்கி."

ஞாயிற்றுக்கிழமை மிஸ் லெட்டிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் டக்கெட்டின் காதில் ஏதோ சொன்னார். நினைவே இல்லை என்று டாக்டர் கையை விரித்த அந்த அம்மாள், அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. இடிக்க வந்த மேஸ்திரி சமையலறை வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டு நின்றார். வெளியே வண்டியில் பத்து ஆள், கடப்பாறைகள்.

"வடக்குச் சுவர்லதான் இந்த வீடே நிக்குது" என்றார் குவேல். "அதை எடுத்தா மொத்தமும் உட்கார்ந்துடும்."

மேஸ்திரி சந்தேகமாகப் பார்த்தார். முப்பது வருஷமாக வீடு இடிக்கிறவர். "போன வாரம் நான் பார்த்தப்ப அப்படித் தெரியலையே. நீங்க சொல்லுங்க மிஸ், நெசமாவா?"

மிஸ் லெட்டிஸ் திரும்பினார். பொய் வராத முகம் அது. ஒரு நொடி சிவந்தால் போதும், எல்லாம் போச்சு. நல்லபடியாக முடியட்டும் என்று நான் மேஜைக்கு அடியில் விரலைப் பின்னிக்கொண்டேன்.

"நெசம்தான்" என்றார் அவர். "அந்தச் சுவர்லதான் எங்க குடும்பமே நிக்குது."

முகம் சிவக்கவில்லை. மேஸ்திரி தலையாட்டித் தொப்பியை எடுத்த நேரத்தில், நடையில் கடைசி மணி அடித்தது. 'டிங்'. தெளிவாக, பலமாக.

மேஸ்திரியின் கை தொப்பியோடு நின்றது. "அது... ஊர்ல பேசிக்கறாங்களே, அந்த மணியா?"

மிஸ் லெட்டிஸ் அடுப்பிலிருந்து முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார். ரொட்டியை நீளநீளமாக வெட்டினார். தட்டைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரியின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"ஆமா. எங்க வீட்டுப் பேய்" என்றார். "முட்டை லேசா வெந்தாத்தான் அதுக்குப் பிடிக்கும்."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், வண்டியில் ஏறி, ஆட்களிடம் அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாசலைத் தாண்டுவதற்குள் மிஸ் லெட்டிஸ் பாதி மாடி ஏறியிருந்தார்.